ஸ்கேலிங் முடிந்ததும் கீழ் முன்பற்கள் ஆடுகின்றன. டீப் க்ளீனிங் உண்மையிலேயே தேவையா?

செங்கரும்பு (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை இருக்கிறது, ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) 8.2. பிபியும் உண்டு. மெட்ஃபார்மின், அம்லோடிபின் 5 மி.கி., ஆஸ்பிரின் 75 மி.கி. எடுக்கிறார். வாழ்க்கையில் முதல் முறையாகப் போன வாரம் பல் க்ளீனிங் (ஸ்கேலிங்) செய்தோம். கீழ் முன்பற்களின் உள்பக்கம் காரை ஒரே கட்டியாகப் பிடித்திருந்தது. அது முழுக்க வந்துவிட்டது.

இப்போது நடு நாலு பல்லும் நாக்கால் தள்ளினாலே அசைகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் ஊசி நுழைகிற அளவு சந்து. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூச்சம். "நல்லா இருந்த பல்லை மெஷினை வச்சு ஆட்டி விட்டுட்டாங்க" என்பது அம்மாவின் பல்லவி. க்ளீன் பண்ணினால் எனாமல் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் வேறு ஓதிவிட்டார்கள்.

டாக்டர் கொடுத்த சீட்டில் 31, 41 என்ற பற்களுக்கு எதிரே பை ஆழம் 5, ஈறு இறக்கம் 2 என்று இருக்கிறது. 36-க்கு 7, 16-க்கு 6. அடுத்து ஊசி போட்டு மரக்கவைத்து நாலு சிட்டிங் டீப் க்ளீனிங், அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவேண்டும் என்கிறார்.

பல் ஆடுவதற்கு ஸ்கேலிங் காரணமா? ஒருமுறை சுத்தம் செய்த வாயை மறுபடி நாலு தடவை சுத்தம் செய்வது எதற்கு? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன்.

---

வேரும்_ஈறும்

படித்துக் காட்டப்போகிறீர்கள் என்பதால் நேராகவே ஆரம்பிக்கிறேன். அம்மா, உங்கள் பல்லை மெஷின் ஆட்டவில்லை. அதற்கான ஆதாரம் அந்தச் சீட்டிலேயே இருக்கிறது.

31, 41 இரண்டும் கீழ்த்தாடையின் நடு முன்பற்கள். பை ஆழம் என்பது ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் அளவுகோல் போட்ட மெல்லிய கம்பி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பது. ஆரோக்கியமான ஈறில் 1 முதல் 3 வரை இருக்கும், உங்களுக்கு 5. ஈறு இறக்கம் 2 என்றால் ஈறு பல்லின் கழுத்தை விட்டு 2 மி.மீ. விலகி வேர் வெளியே தெரிகிறது. இரண்டையும் கூட்டினால் 7. பல்லை எலும்போடு பிணைக்கும் நார்கள், கழுத்திலிருந்து 7 மி.மீ. தூரத்துக்கு இல்லை என்று அர்த்தம். கீழ் நடு முன்பல்லின் வேர் நீளமே சராசரியாக 12, 13 மி.மீ. தான். பாதிக்கு மேல் பிடிமானம் போயிருக்கிறது. ஒரு வாரத்தில், ஒரு மெஷினால், 7 மி.மீ. பிடிமானத்தை எடுக்க முடியாது. இது பத்து, பதினைந்து வருடக் கணக்கு.

இத்தனை நாள் ஏன் ஆடவில்லை? அந்தக் காரைக் கட்டியே நாலு பல்லையும் பின்பக்கம் சேர்த்துப் பிடித்திருந்தது. அதை எடுத்ததும் ஒவ்வொரு பல்லும் தன் சொந்தப் பிடிமானத்தில் நிற்கவேண்டி வந்தது. சந்தும் அப்படித்தான். ஈறு ஏற்கெனவே இறங்கிவிட்ட இடத்தைக் காரை அடைத்திருந்தது. இப்போது வீக்கமும் வடிவதால் இன்னும் கொஞ்சம் தெரியும்.

அப்படியே விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காரை வெறும் சுண்ணாம்புக் கட்டி இல்லை. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் எப்போதும் உயிருள்ள கிருமிப் படலம் ஒட்டியிருக்கும், பிரஷ்ஷால் அதைத் துடைக்க முடியாது. அந்தப் படலத்தை எதிர்த்து உடல் நடத்தும் அழற்சிதான் எலும்பைக் கரைக்கிறது. பல்லைத் தாங்குவதுபோல் தெரிந்த அதே கட்டி, அடியில் எலும்பைத் தின்னும் வேலைக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது.

காரை எப்போதும் அந்த இடத்தில் ஏன் குவிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்குக்கு அடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் கீழ் முன்பற்களுக்குப் பின்னால்தான் திறக்கிறது. கன்னத்துச் சுரப்பியின் வாய் மேல் கடைவாய்ப்பற்களின் வெளிப்பக்கம் திறக்கிறது. உமிழ்நீரில் இருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் முதலில் இந்த இரண்டு இடத்திலும்தான் படியும். துலக்காமல் விட்ட மெத்தென்ற படலம் ஓரிரு நாளிலேயே கெட்டியாகத் தொடங்கும், இரண்டு வாரத்துக்குள் நன்றாக இறுகிவிடும். அதன்பின் கருவி மட்டுமே எடுக்கும். ஈறுக்கு மேலே இருப்பது வெளிர் மஞ்சள், கொஞ்சம் எளிதில் உதிரும். ஈறுக்குக் கீழே உருவாவது கறுப்பு அல்லது கரும்பச்சை. அது உமிழ்நீரிலிருந்து வருவதில்லை, ஈறின் பையில் ஊறும் திரவத்திலிருந்து வருகிறது. வேரின் சொரசொரப்பில் பூட்டிக்கொண்டு நிற்கும், எடுப்பது கஷ்டம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான். போன வாரம் எடுத்தது மேலே இருந்தது. டீப் க்ளீனிங்கில் எடுக்கப்போவது கீழே இருப்பது. இரண்டும் வேறு வேலை. 7 மி.மீ. பைக்குள் கருவியை அடி வரை இறக்கினால் வலிக்கும், அதனால்தான் லிக்னோகெய்ன் ஊசி. நாலு சிட்டிங் என்பது வாயை நாலு கால்பகுதியாகப் பிரிப்பது. பலர் வலது பக்கம் மேலும் கீழும் ஒரு நாள், இடது பக்கம் மேலும் கீழும் இன்னொரு நாள் என்று இரண்டாகவும் செய்வார்கள். கீழ்த்தாடை இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் மரக்க வைப்பதைப் பொதுவாகத் தவிர்ப்போம். நாக்கு முழுக்க மரத்துப்போய் நோயாளி கடித்துக்கொள்வார். ஒரு பக்கமாகச் செய்தால் மறுபக்கம் வைத்துச் சாப்பிடவும் முடியும்.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்? கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வளராது. இதை முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது. ஆனால் ஈறு இறுகும், இரத்தக் கசிவு நிற்கும், பை ஆழம் குறையும். 4 முதல் 6 மி.மீ. பைகளில் சராசரியாக 1 மி.மீ.க்குச் சற்று மேலும், 7-க்கு மேற்பட்டவற்றில் சுமார் 2 மி.மீ.யும் குறைவது வழக்கம். அழற்சி அடங்கியதும் ஆட்டமும் ஓரளவு குறையும். அதற்குப் பிறகும் மெல்லும்போது தொந்தரவு இருந்தால், பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பியை காம்போசிட்டால் (பல் நிறத்து அடைப்புப் பொருள்) ஒட்டி, கீழ் முன்பற்கள் ஆறையும் சேர்த்துக் கட்டலாம். காரை செய்த அதே தாங்கும் வேலை, கிருமி இல்லாமல்.

எனக்கு அதிகம் கவலை தருவது முன்பல் இல்லை, 36. கீழ் முதல் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர். 7 மி.மீ. பை அந்த வேர்கள் பிரியும் கவட்டைக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போயிருந்தால் கருவியும் எளிதாக உள்ளே போகாது, வீட்டில் பிரஷ்ஷும் போகாது. ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே) மட்டும் எடுத்திருந்தால் அந்தப் பல்லுக்குத் தனியாக ஒரு சின்ன எக்ஸ்ரே கேளுங்கள்.

மரத்துப்போன இடம் சரியாகும் வரை, சுமார் 2, 3 மணி நேரம், சூடான எதுவும் வேண்டாம். முறுக்கு, கரும்பு, கடலை மிட்டாய் எதையும் இனி முன்பல்லால் கடிக்க வேண்டாம். நொறுக்கிக் கடைவாயில் போட்டுக்கொள்ளட்டும்.

---

நீர்த்தாரை

நான் டென்டல் ஹைஜீனிஸ்ட். எனாமல் போயிடும்ங்கிற பயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன், அது மெஷின் பக்கம் இருக்கிற விஷயம்.

அல்ட்ராசானிக் ஸ்கேலர் பல்லைச் சுரண்டுற உளி கிடையாது. முனை ஒரு வினாடிக்கு சுமார் 25,000-லிருந்து 45,000 தடவை வரைக்கும் அதிரும், அசையுற தூரம் கண்ணுக்கே தெரியாது. அந்த அதிர்வுல காரை விரிசல் விட்டு உதிருது. கூடவே வர்ற தண்ணி ரெண்டு வேலை செய்யுது: சூட்டைத் தணிக்கும், உதிர்ந்ததை அடிச்சு வெளியே தள்ளும். தண்ணி இல்லாம ஓட்டுனா பல்லுக்குள்ள இருக்கிற நரம்பு வரைக்கும் சூடு போகும். அதனாலதான் வாய் நிறைய தண்ணி, பக்கத்துலயே சக்‌ஷன் குழாய்.

தப்பு நடக்கிறது எங்கன்னா, முனையோட நுனியை பல்லுக்கு நேரா குத்துற மாதிரி பிடிக்கிறப்போ. நுனியோட பக்கவாட்டு மட்டும்தான் பல்லைத் தொடணும், கிட்டத்தட்ட பல்லோட ஒட்டுன மாதிரி, 15 டிகிரிக்குள்ள. பேனா பிடிக்கிற லேசான பிடி, ஒரே இடத்துல நிறுத்தாம ஓட்டிக்கிட்டே இருக்கணும். அமுக்குனா வேகமா வரும்னு நினைச்சு அமுக்குறவங்க இருக்காங்க. அமுக்குனா அதிர்வு அடங்கிடும், காரையும் வராது, வேர்ல கோடும் விழும். எனாமலை விட வேர் ரொம்ப மிருதுவானது, அங்கே பவரைக் குறைச்சு மெல்லிய முனைக்கு மாறணும். இதையெல்லாம் ஒழுங்கா பண்ணா எனாமலுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்ல உமிக்கரி, செங்கல் பொடி, சாம்பல் வச்சு தினமும் அழுத்தித் தேய்க்கிறதுல போற எனாமல் இதைவிட எவ்வளவோ அதிகம். அதை யாரும் குத்தம் சொல்றதில்லை.

முனை தேய்ஞ்சாலும் வேலை கெட்டுடும். 1 மி.மீ. தேய்ஞ்சா சுமார் கால்வாசி திறன் போச்சு, 2 மி.மீ. தேய்ஞ்சா பாதி போச்சு, தூக்கிப் போட வேண்டியதுதான். தேய்ஞ்ச முனையால காரையை எடுக்க முடியாது, மேல வழிச்சு பளபளன்னு ஆக்கி விட்டுடும். பார்க்க சுத்தமா இருக்கும், அடியில அப்படியே உட்கார்ந்திருக்கும்.

அதனாலதான் மெஷினுக்கு அப்புறம் கைக்கருவி. கிரேசி க்யூரெட்னு ஒரு வரிசை இருக்கு, ஒவ்வொரு பல் பக்கத்துக்கும் ஒவ்வொரு வளைவு. விரல் நுனியில சொரசொரப்பு தட்டுதான்னு பார்த்து எடுக்கிறது இதுலதான். காத்தடிச்சு பல்லைக் காயவச்சா விட்டுப்போன காரை சுண்ணாம்பு மாதிரி வெளுப்பா தெரியும், அப்படி ஒரு தடவை சரிபார்க்கணும். கடைசியா ரப்பர் கப், பாலிஷ் பேஸ்ட், மெதுவான வேகம். பாலிஷ் கறைக்கும் வழவழப்புக்கும்தான், ஈறு நோய்க்கு அது சிகிச்சை இல்லை. பத்து நிமிஷத்துல மேலே கீழே ஓட்டிட்டு பாலிஷ் போட்டு அனுப்பினா பல்லு பளிச்சுன்னு இருக்கும், அவ்வளவுதான்.

முனையையும் கைக்கருவியையும் ஆட்டோக்ளேவ் (அழுத்த நீராவியில கிருமி நீக்கம்) பண்ணின பாக்கெட்டை உங்க முன்னாடி பிரிச்சாங்களான்னு பாருங்க. ஸ்பிரிட்ல துடைச்சு எடுத்தா போதாது. ஆரம்பிக்கும் முன்னாடி குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி மவுத்வாஷ்ல ஒரு நிமிஷம் கொப்பளிக்கச் சொல்றது நல்ல பழக்கம். தெறிக்கிற தூறல்ல கிருமி எண்ணிக்கை குறையும். வாயில இம்ப்ளான்ட் (எலும்புல பதிச்ச செயற்கைப் பல் வேர்) இருந்தா முதல்லயே சொல்லிடுங்க, டைட்டானியம் மேல சாதாரண உலோக முனை ஓட்டக்கூடாது.

கூச்சத்துக்கு: காரை மூடியிருந்த வேர் இப்போ திறந்து கிடக்கு. பொட்டாசியம் நைட்ரேட் 5% இருக்கிற பேஸ்டை ராத்திரி துலக்கின பிறகு விரல்ல எடுத்து அந்த இடத்துல தடவி துப்பிட்டு விடச் சொல்லுங்க. உடனே தெரியாது, 2 முதல் 4 வாரம் ஆகும். நாலு நாள்ல "ஒண்ணும் கேக்கல"ன்னு நிறுத்துறதுதான் வழக்கமா நடக்குது.

---

மாத்திரைச்சீட்டு

மருந்துப் பக்கம் மட்டும்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். க்ளீனிங்கில் வரும் இரத்தம் துணியை அழுத்திப் பிடித்தால் நிற்கிற இரத்தம். ஆஸ்பிரினை நிறுத்தியதால் வரும் மாரடைப்பு அப்படியில்லை. வார்ஃபரின் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை) எடுப்பவர்களாக இருந்தால் ஐஎன்ஆர் (இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட்டுப் போகவேண்டும். அதையும் தானாக நிறுத்தக்கூடாது.

அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் அளவுக்கு அடிக்கடி இல்லை, ஆனாலும் உண்டு. பல்லுக்கு நடுவில் ஈறு குமிழாக வளர்ந்திருந்தால் பல் டாக்டரிடம் மாத்திரைப் பெயரைச் சொல்லுங்கள். மாற்றவேண்டுமா என்பதை பிபி பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும். வாயில் கிருமிப் படலம் குறைந்தால் இந்த வளர்ச்சியும் குறையும் என்பதால் க்ளீனிங்கே முதல் மருந்து.

மரக்கவைக்கும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும், அது பிபியை ஏற்றலாம். பிபி 180/110-க்கு மேல் இருந்தால் அன்றைக்குத் தள்ளிவைப்பார்கள், சண்டை போடாதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றோடு போகும் பழக்கம் ஒன்று இருக்கிறது, ஏதோ ரத்தப் பரிசோதனை என்று நினைத்து. வேண்டாம். காலைச் சாப்பாடு, வழக்கமான மாத்திரை, அதன்பின் காலை நேர அப்பாயின்ட்மென்ட். இது இன்சுலின் போடுபவர்களுக்கு இன்னும் முக்கியம். மரத்த வாயோடு மதியம் சாப்பிட முடியாமல் சர்க்கரை இறங்கிவிடும்.

வலிக்கு பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் பிபி மாத்திரையும் எடுப்பவருக்குக் கடையில் கேட்டு ஐபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆன்டிபயாட்டிக் எல்லோருக்கும் தேவையில்லை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய உள்ளுறைத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும், க்ளீனிங்குக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம் ஒரே டோஸ். பென்சிலின் அலர்ஜி இருந்தால் வேறு மருந்து. ஸ்டென்ட் வைத்ததற்காக இது கொடுப்பதில்லை.

---

எதிர்க்கேள்வி

எல்லோரும் க்ளீனிங் நல்லது என்கிறீர்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்தத் திரியைப் படித்துவிட்டு ஊரில் உள்ள எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓடவேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுப்பு, கடுமையான ஈறு நோய் இல்லாத, ஒழுங்காகப் பல் டாக்டரிடம் போய்வரும் பெரியவர்களைப் பார்த்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேலிங், பாலிஷ் செய்தவர்களுக்கும் அப்படிக் குறிப்பிட்ட கெடுவில் செய்யாதவர்களுக்கும் இரண்டு, மூன்று வருடத்தில் ஈறு ஆரோக்கியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. காரை மட்டும் கொஞ்சம் குறைவு. பிரிட்டனின் நைஸ் (அரசு சுகாதார வழிகாட்டு அமைப்பு) வழிகாட்டுதல் 2004 முதலே, பரிசோதனை இடைவெளியை ஆளைப் பார்த்து 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை வைக்கச் சொல்கிறது.

ஆளைப் பார்த்து என்பதற்கு ஆதாரம் நம் மக்களிடமிருந்தே வந்தது. ஹெரால்ட் லோ என்ற ஈறு நோய் ஆய்வாளரின் குழு 1970-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேரைப் பரிசோதித்து, 15 வருடம் பின்தொடர்ந்தது. மலையகத் தமிழர்கள், எல்லோரும் ஆண்கள். பல் வைத்தியம் என்பதே எட்டாத தோட்டங்கள். எல்லோர் பல்லிலும் காரை, எல்லோர் ஈறிலும் அழற்சி. ஆனால் 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாகப் பாய்ந்தது, 45 வயதுக்குள் அவர்கள் வாயில் பல்லே மிச்சமில்லை. 81 சதவீதம் பேருக்கு மிதமாக நகர்ந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி நோய் போகவே இல்லை. அதே காரை, அதே உணவு, அதே லயன் வீடு. இவ்வளவு வித்தியாசம்.

(பிற்பாடு உலகமெங்கும் பாடப்புத்தகத்தில் ஏறிய அந்த எண்களுக்கு வாயைத் திறந்து காட்டியவர்களுக்குத் தோட்டத்தில் பல் வைத்தியம் எட்டவில்லை என்பது தனியாகப் பேசவேண்டிய விஷயம்.)

ஆகவே இருபத்தைந்து வயதில், புகையிலை இல்லாமல், ஈறில் இரத்தம் இல்லாமல், எல்லாப் பையும் 3-க்குள் இருப்பவருக்கு வருடம் ஒரு முறை பார்த்தாலே போதும், சுத்தம் செய்வதும் தேவைப்பட்டால்தான். செங்கரும்பின் அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. 58 வயது, 8.2 சர்க்கரை, 7 மி.மீ. பை. இவருக்கு மூன்று மாதம் என்பது வியாபாரம் இல்லை. அவர் டாக்டர் பையை அளந்து எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார். அளக்காமலேயே "ஆறு மாசத்துக்கு ஒருக்கா வாங்க" என்று எல்லோருக்கும் ஒரே சீட்டு எழுதும் இடத்தைத்தான் சந்தேகப்படுவேன்.

---

வேரும்_ஈறும்

எதிர்க்கேள்வி சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். அந்த 11 சதவீதத்தில் ஒருவரா, 8 சதவீதத்தில் ஒருவரா என்பது வெளியிலிருந்து தெரியாது. அளந்தால்தான் தெரியும். ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடம், மொத்த வாய்க்கும் ஐந்து, பத்து நிமிடம். புகைப்பவர்களுக்கும் புகையிலை போடுபவர்களுக்கும் இது இன்னும் அவசியம். நிக்கோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்குவதால் ஈறில் இரத்தம் அதிகம் வராது, உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

மூன்று மாதம் என்ற கணக்குக்கும் காரணம் உண்டு. ஆழமான பையைச் சுத்தம் செய்தபின் கெட்ட கிருமிகள் மறுபடி குடியேறச் சில வாரங்களிலிருந்து இரண்டு, மூன்று மாதம் ஆகும். அவை பலம் பெறும் முன் கலைக்கவேண்டும். ஸ்வீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆக்செல்சன், லிண்டே என்ற பல் ஆய்வாளர்களின் குழுவினர் இப்படிச் சுத்தமும் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சியுமாக 30 வருடம் தொடர்ந்தார்கள். 2004-இல் வெளியிட்ட முடிவில், 30 வருடத்தில் ஒருவர் இழந்த பல் சராசரியாக இரண்டுக்கும் குறைவு. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் துலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதை விட்டுவிட்டு மெஷினை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பலன் வராது.

சர்க்கரை விஷயம்: இது இரு வழிப் பாதை. சர்க்கரை ஏறினால் ஈறு அழற்சி கூடும், ஈறு அழற்சி இருந்தால் சர்க்கரையும் அடங்காது. ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று, நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைவதாக 2022 காக்ரேன் தொகுப்பு சொல்கிறது. மாத்திரைக்கு மாற்று இல்லை, ஆனால் சின்ன எண்ணும் இல்லை.

---

செங்கரும்பு

அனைவருக்கும் நன்றி. அம்மா 7 மி.மீ. கணக்கைக் கேட்டதும் அமைதியாகிவிட்டார். ஊசிக்கு ஒத்துக்கொண்டார்.

இன்னும் சில சந்தேகம். ஆடும் பல்லில் பிரஷ் போடவே பயப்படுகிறார், விரலால் தேய்க்கிறார். டாக்டர் எழுதிய மவுத்வாஷ் போட்டதில் இரண்டு பல் பழுப்பாகத் தெரிகிறது, சாப்பாட்டில் உப்பு தெரியவில்லை என்கிறார். நல்லெண்ணெய் கொப்பளித்தால் காரை வராது என்கிறாரே அத்தை, உண்மையா? நாலு சிட்டிங் செலவு கொஞ்சம் இடிக்கிறது, அரசு மருத்துவமனையில் இதைச் செய்கிறார்களா?

---

நீர்த்தாரை

விரல் வேண்டாம், விரல் ஈறு ஓரத்துக்குள்ள போகாது. 'சாஃப்ட்'னு போட்ட சின்னத் தலை பிரஷ் வாங்குங்க. முடியை பல்லுக்கும் ஈறுக்கும் சேர்ற கோட்டுல 45 டிகிரி சாய்ச்சு வச்சு, அங்கேயே சின்னச் சின்னதா அசைச்சு, அப்புறம் ஈறிலிருந்து பல் நுனிப் பக்கமா சுழட்டி எடுக்கணும். கீழ் முன்பல் உள்பக்கத்துக்கு பிரஷ்ஷை நெட்டுக்குத்தா பிடிச்சு நுனி முடியால ஒவ்வொரு பல்லா மேல் நோக்கி இழுக்கணும். பெரும்பாலானவங்க அந்த உள்பக்கத்தைத் தொடுறதே இல்லை, அதனாலதான் காரை முதல்ல அங்கே கட்டுது. ஆடுற பல்லுன்னா வெளிப்பக்கம் ஒரு விரல் வச்சுத் தாங்கிக்கிட்டு உள்ளே தேய்க்கட்டும். லேசா துலக்குறதால பல் விழாது.

சந்துக்கு பல்லிடுக்கு பிரஷ். புட்டி கழுவுற பிரஷ்ஷோட பொடி சைஸ் மாதிரி இருக்கும். அளவை அடுத்த சிட்டிங்ல பல் டாக்டரையே போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்க. கீழ் முன்பல்லுக்கு 0.4 அல்லது 0.5 மி.மீ., கடைவாய்க்கு 0.7-க்கு மேலேன்னு ரெண்டு அளவு தேவைப்படும். முடி உரசணும், கம்பி உரசக்கூடாது. அழுத்தித் தள்ள வேண்டியிருந்தா அந்த அளவு பெருசுன்னு அர்த்தம். ராத்திரி ஒரு வேளை போதும். ஊக்கு, ஈர்க்குச்சி, தீக்குச்சி மூணையும் வீட்ல ஒளிச்சு வச்சிடுங்க.

மவுத்வாஷ் குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதமா இருக்கும். பழுப்பும் நாக்குல உப்பு தெரியாததும் அதோட வழக்கமான பக்கவிளைவு, நிறுத்தினா ருசி திரும்பிடும், பழுப்பை அடுத்த பாலிஷ்ல எடுத்துடுவாங்க. 10 மி.லி., ஒரு நிமிஷம், காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு. பேஸ்ட் போட்டுத் துலக்கின உடனே கொப்பளிக்கக் கூடாது, பேஸ்ட்ல இருக்கிற நுரைப்பொருள் அதை வேலை செய்ய விடாது. அரை மணி இடைவெளி விடுங்க. கொப்பளிச்ச கையோட டீ, காபி குடிச்சா கறை இன்னும் அதிகமா ஏறும். ரெண்டு வாரத்துக்கு மேல டாக்டர் சொல்லாம தொடர வேண்டாம்.

நல்லெண்ணெய் கொப்பளிக்கிறதுல தப்பில்லை, மெத்துப் படலம் கொஞ்சம் குறையலாம். கட்டின காரையில ஒரு துணுக்கைக்கூட அது எடுக்காது. துலக்குறதுக்குப் பதிலா அதைச் செய்யாதவரைக்கும் அத்தைகிட்ட வாதம் பண்ண வேண்டாம்.

---

வேரும்_ஈறும்

அரசு வழி உண்டு. சென்னையில் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைநகரிலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போனதும் ஈறு சிகிச்சைப் பிரிவு என்று கேளுங்கள். மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் அதிகம் பிடிக்கும், அரை நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். ஆனால் அவசரமில்லாமல், ஒவ்வொரு பல்லையும் அளந்து எழுதிச் செய்வார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கிளினிக்கை விடக் கட்டணம் குறைவு. இப்போது கையில் இருக்கும் சீட்டையும் எக்ஸ்ரேயையும் கொண்டுபோங்கள், மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

எங்கே செய்தாலும் கடைசி சிட்டிங் முடிந்து 6 வாரம் முதல் 3 மாதத்துக்குள் மறு அளவு கட்டாயம் கேளுங்கள். அதற்கு முன் கம்பி விட்டு அளந்தால் ஆறிக்கொண்டிருக்கும் இடம் கிழியும். அன்று பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 31, 41-இல் 5 என்பது 3 அல்லது 4 ஆகி இரத்தம் இல்லையென்றால் அந்த இடம் முடிந்தது. 36 இன்னும் 6-க்குக் கீழே வராமல் கசிந்துகொண்டிருந்தால், ஈறைத் திறந்து உள்ளே பார்த்துச் சுத்தம் செய்யும் ஃப்ளாப் சிகிச்சை பற்றிப் பேசவேண்டியிருக்கும். அந்த ஒரு பல்லுக்கு மட்டும்தான், வாய் முழுக்க இல்லை. அன்றைக்கு எடுத்த ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டும் கூட இருக்கட்டும். 8-க்கு மேலேயே நின்றால் அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து முதலில் சர்க்கரையைத்தான் இறக்கச் சொல்வார்கள்.